வயலுக்குள் போனதும் கொலர் மைக் ஏன் வெட்டுகிறது?

தம்பி கேட்டது இதுதான். மாங்குளம் பக்கத்தில் வயதான கமக்காரர்களைச் சந்தித்து, பழைய குளங்கள், வேளாண்மை, ஊர்க்கதைகள் எல்லாவற்றையும் போனில் வீடியோவாக எடுத்து வைக்கிறார். டைப்-சி துவாரத்தில் குத்துகிற சின்ன றிசீவரும் இரண்டு கொலர் மைக்கும் உள்ள ஒரு செற் வாங்கியிருக்கிறார். வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வயலிலும் குளக்கட்டிலும் குரல் விட்டு விட்டு வருகிறது, கோயில் திருவிழாவில் பாதிக்குப் பாதி இல்லை. கடைக்காரர் 200 மீற்றர் போகும் என்று ஒரு விலை கூடிய செற்றைக் காட்டுகிறார், எடுக்கலாமா?

இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அந்தக் காசைக் கொஞ்சம் பொத்தி வையுங்கள்.

"வெட்டுது" என்று நாங்கள் எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் நாலைந்து வேறு வேறு நோய் ஒளிந்திருக்கிறது. காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் ஒரே குளிசையைக் கொடுப்பது போலத்தான் புது மைக் வாங்குவதும். முதலில், கெட்டுப்போன பதிவு ஒன்றை நல்ல ஹெட்போனில், வயர் உள்ள ஹெட்போனில், அவசரப்படாமல் கேளுங்கள். சொல்லின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போய், அந்த இடத்தில் காற்றுச் சத்தம்கூட இல்லாமல் அடியோடு அமைதியாக இருக்கிறதா, அல்லது குரல் தகரப்பேணிக்குள் இருந்து வருவது போல் நொறுங்குகிறதா? அது வானொலி அலை அறுந்த வெட்டு. குரல் அறுபடவில்லை, ஆனால் திடீரென்று ஐயா தூரத்துக்குப் போய்விட்டார், காகமும் உங்கள் சொந்த மூச்சும் கிட்டக் கேட்கிறது என்றால் மைக்கில் பிழையே இல்லை, போன் வெளி மைக்கைக் கைவிட்டுத் தன்னுடைய மைக்குக்கு மாறிவிட்டது. சீரான இடைவெளியில் டிக், டிக் என்று கேட்டால் ஒலியைச் செக்கனுக்கு எத்தனை தடவை அளப்பது என்ற கணக்கு மைக்குக்கும் செயலிக்கும் ஒத்துப்போகவில்லை, பெரும்பாலும் ஒன்று 44.1 கிலோஹேர்ட்ஸிலும் மற்றது 48 இலும் நிற்கும். வசனத்தின் கடைசிச் சொற்கள் மட்டும் மெல்ல மெல்ல விழுங்கப்பட்டால் அது இன்னொரு கதை, கீழே சொல்கிறேன். எனக்குத் தெரிந்து, "வெட்டுது" என்று என்னிடம் கொண்டுவந்த பதிவுகளில் பாதியளவு காற்றில் அறுந்தவையே அல்ல.

காதால் பிரிக்க முடியாவிட்டால் போனில் உள்ள எடிற்றிங் செயலியில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு போட்டது போல் தட்டையாக இருந்தால் காற்றில் அறுந்தது. தட்டையாக இல்லாமல் சின்னச் சின்ன மயிர் போல் அலை ஓடிக்கொண்டிருந்தால் வேறு மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, காற்றில் அறுவதை எடுத்துக்கொள்வோம். இந்தச் சின்ன செற்றுகள் அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன, யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லாத பட்டை என்பதால் வைஃபை, புளூடூத், விளையாட்டு ட்ரோன் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு தண்ணீரைச் சூடாக்குவதும் இதே அயலில், 2.45 இல்தான். தண்ணீர் இந்த அலையை நன்றாக விழுங்கும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆகவே நெஞ்சில் மைக்கைக் குத்திக்கொண்டு ஒருவர் உங்களுக்கு முதுகைக் காட்டினால், மைக்குக்கும் றிசீவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தாங்கியை வைத்தது போலத்தான்.

அப்படியென்றால் விறாந்தையில் ஏன் வெட்டவில்லை? அங்கே சுவர் இருக்கிறது, தகரக் கூரை இருக்கிறது, இரும்புக் கதவு இருக்கிறது. அலை முதுகைத் தாண்டி நேரே வர முடியாவிட்டாலும் சுவரில் பட்டுத் திரும்பி வேறு வழியால் வந்து சேரும். வயல்வெளியில் அப்படித் திருப்பிவிட ஒன்றும் இல்லை. வெட்டவெளி என்றால் நன்றாகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முகத்துக்கு முகம் நிற்கிறவரை அது உண்மை. திரும்பினால், அலை காட்டுக்குள் போனதுதான், திரும்பி வராது.

இதை நான் இரணைமடுக் குளக்கட்டில் வைத்துப் படித்தேன். ஒரு ஐயா, எண்பதைத் தாண்டியவர், எந்தக் காலத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எந்த வாய்க்காலுக்கு எப்போது திறந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துச் சொன்னதெல்லாம் பதிவாகியிருந்தது. "அந்தா அந்தத் துருசடியில்தான்..." என்று மதகுப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார், அதற்குப் பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் சொல் இல்லை, நடுநடுவே "தண்ணி" என்றும் "அண்டைக்கு" என்றும் இரண்டு துண்டு மட்டும். துருசடியில் என்ன நடந்தது என்பதுதான் நான் அங்கே போனதற்கே காரணம்.

அன்றைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கொலர் மைக் என்று சொல்கிறோம், ஆனால் ஐயாவிடம் கொலரே இல்லை. சாரம், தோளில் ஒரு துவாய், அவ்வளவுதான். நான் துவாயின் ஓரத்தில் குத்தினேன். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே துவாயால் முகத்தைத் துடைத்தார், ஒருமுறை ஈயை விரட்டினார், பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டு மேலே கதை சொன்னார். இப்போது நான் தையல் நூலை நாலாக முறுக்கி, கழுத்தில் தாயத்துப் போல் ஒரு கயிறு போட்டு, அதில் மைக்கைத் தொங்கவிடுகிறேன். வியர்வை மைக்கில் படாமல் கீழே ஒரு துண்டுத் துணி. முக்கியமானது, எந்தப் பக்கம் திரும்பிக் காட்டுவார் என்று முதலே கேட்டுவிடுவது. குளத்தைக் காட்டுவார் என்றால் நான் குளப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அவர் காட்டும் பக்கத்தில் நீங்கள் நின்றால் படமும் நன்றாக வரும், முகம் விழும், குரலும் விழும். நடந்துகொண்டே பேசுவார் என்றால் பின்னால் போகாதீர்கள், முன்னால் பின்னோக்கி நடவுங்கள், வரம்பில் விழாமல் பிடிக்க ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

உயரமும் ஒரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. வானொலி அலை நூல் பிடித்தது போல் ஒரு கோட்டில் போவதில்லை, இரண்டு முனைக்கும் நடுவில் சுருட்டு வடிவத்தில் ஒரு இடம் அதற்கு வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 30 மீற்றர் தூரத்துக்கு அந்தச் சுருட்டின் நடுப்பகுதி சுற்றிவர ஏறக்குறைய 1 மீற்றர் ஆரம் உள்ளது, 100 மீற்றருக்கு ஒன்றே முக்கால் மீற்றர். நீங்கள் அழகான கோணம் வேண்டும் என்று சின்ன ட்ரைபொட்டை வரம்பில், முழங்காலுக்குக் கீழே வைத்து, அங்கால் இடுப்பளவு ஈர நெல்லுக்குள் நிற்கிற ஒருவரைப் படமெடுத்தால், அந்தச் சுருட்டின் பாதி நிலத்துக்குள்ளும் பயிருக்குள்ளும் போய்விடும். போனை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பாருங்கள். 15 மீற்றரில் வெட்டிக்கொண்டிருந்தது 30 இல்கூடச் சுத்தமாக வரும். கடைக்காரர் சொல்கிற 200 மீற்றரும் இப்படித்தான், நடுவில் ஆளும் பயிரும் இல்லாமல் ஒன்றையொன்று நேரே பார்த்தபடி, வேறு அலை இல்லாத இடத்தில் அளந்த தூரம் அது.

வயலில் வைஃபை யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் பொக்கற்றில் இருக்கிறது. கூட வந்த தம்பி ஹொட்ஸ்பொட் போட்டிருப்பார், கையில் ஸ்மார்ட் மணிக்கூடு, காதில் புளூடூத் இயர்போன், எல்லாம் றிசீவரில் இருந்து ஒரு முழத்துக்குள். தூரத்தில் இருந்து மெலிந்து வருகிற மைக்கின் அலை, பக்கத்தில் கத்துகிற ஹொட்ஸ்பொட்டோடு போட்டி போட வேண்டும். ஆகவே பதிவெடுக்கிற போனை ஃபிளைற் மோட்டில் போடுங்கள், மற்றவர்களின் ஹொட்ஸ்பொட்டை அணைக்கச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் மேலிருந்து இழுக்கிற பலகையில் வைஃபை, புளூடூத் சின்னங்களைத் தட்டினால் அது தொடுப்பை மட்டும்தான் விடும், வானொலி அணையாது. செற்றிங்ஸுக்குள் போய் அணையுங்கள். ஃபிளைற் மோட்டில் இன்னொரு நன்மை, கதை சூடு பிடிக்கிற நேரத்தில் மாமா கோல் எடுத்துப் பதிவு நிற்காது. எனக்கு நின்றிருக்கிறது.

றிசீவர் போனின் அடியில் குத்தியிருக்கும், போனை கிடையாகப் பிடிக்கும்போது உள்ளங்கை அதை முழுக்க மூடிவிடும். உள்ளங்கையும் தண்ணீர்தான். ஒரு சாண் நீள டைப்-சி நீட்டு வயரில் றிசீவரைப் போட்டு ட்ரைபொட்டின் மேலே ரப்பர் பட்டியால் கட்டினால் வித்தியாசம் உடனே தெரியும், ஆனால் வாங்கும்போது மலிவான சார்ஜ் வயராக இல்லாமல் தரவும் கடத்துகிற வயராகப் பாருங்கள். றிசீவரைப் பவர் பாங்க்குக்கும் இரும்புக் கம்பிக்கும் ஒட்டி வைக்க வேண்டாம். வெளி எஸ்எஸ்டியில், அதாவது வயரில் பூட்டுகிற சேமிப்புப் பெட்டியில், பதிவெடுக்கிறவர்கள் கூடுதல் கவனம், யூஎஸ்பி 3 வயர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் கக்கும். தகரக் கொட்டிலுக்குள் மட்டும் ஒரு இடத்தில் விடாமல் வெட்டினால் பயப்படாதீர்கள், அலைகள் பட்டுத் திரும்பி ஒன்றையொன்று அழிக்கிற குழி அது. இந்த அலையின் நீளம் 12 சென்ரிமீற்றர் அளவுதான், ஒரு சாண் தள்ளி வைத்தாலே குழியில் இருந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

திருவிழா வேறு உலகம். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுவுக்கோ போயிருப்பீர்கள், அங்கே வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், பாதிப்பேர் நேரலை, ஒவ்வொரு கடையிலும் ஒரு புளூடூத் பெட்டி, மேலதிகமாகச் சனத்தின் உடம்புச் சுவர். அங்கே எந்த விலை மைக்கும் கொஞ்சம் தடுமாறும். மூன்று நாலு மீற்றருக்குள் நின்று எடுங்கள், அல்லது அலையை நம்புவதையே விடுங்கள். கூத்து எடுக்கும்போதும் அப்படித்தான். ஒருமுறை கோவலன் கூத்தில் ஒரு ஆட்டக்காரருக்கு மைக்கைப் பூட்டிவிட்டேன், களரியைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், எனக்கு முதுகு காட்டுகிற இடத்தில், அதே அளவு பாட்டு காணாமல் போயிருந்தது. தாளம் பிசகவில்லை, பாட்டுத்தான் ஓட்டை ஓட்டையாக.

அலையை நம்பாமல் விடுவது என்றால் என்ன? பழைய போன் ஒன்றை, திரை வெடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஃபிளைற் மோட்டில் போட்டு, அதில் சில நூறு ரூபாய் வயர் மைக்கைக் குத்தி, குரல் பதிவுச் செயலியைத் தொடங்கி, பேசுகிறவரின் மடியிலோ சேட் பொக்கற்றிலோ வைத்துவிடுங்கள். வயருக்கு முதுகும் தெரியாது, சனமும் தெரியாது. தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள், முடிக்கும்போதும் ஒருமுறை. பிறகு எடிற்றிங்கில் இரண்டு தட்டலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் உதடும் குரலும் சேர்ந்துவிடும். இரண்டு போனின் மணிக்கூடும் சரியாக ஒரே வேகத்தில் ஓடாது, பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிசெக்கன், அதாவது வீடியோவில் இரண்டு ஃபிரேம் அளவு நழுவும். அதற்குத்தான் கடைசித் தட்டல். அந்த வயர் மைக்கின் பிளக்கைப் பாருங்கள், போனுக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ளது வேண்டும். இரண்டு வளையம் உள்ளது கமராவுக்கானது, போனில் குத்தினால் போன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் மைக்கிலேயே எடுத்துக்கொண்டிருக்கும், நீங்கள் வீட்டுக்கு வந்துதான் அறிவீர்கள்.

இனிப் போனின் பக்கம். குரல் தூரத்துக்குப் போகிற நோய் இங்கேதான். ஒப்போ, ரியல்மீ, விவோ போன்ற போன்களில் ஓடிஜி என்று ஒரு தனிச் சுவிட்ச் செற்றிங்ஸில் இருக்கும், அதைப் போட்டால்தான் குத்திய றிசீவரைப் போன் பார்க்கும். ஒப்போவிலும் ரியல்மீயிலும் 10 நிமிடம் பயன்படாமல் இருந்தால் அது தானே அணைந்துவிடும். நீங்கள் வீட்டில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் அணைந்திருக்கும். போய் இறங்கிய பிறகு போடுங்கள். அடுத்தது போன் கவர். தடித்த கவர் என்றால் பிளக் முழுதாக உள்ளே போகாது, போனது போல் இருக்கும், கை அசைந்தால் விடும். நான் கவரின் அடி ஓரத்தை பிளேட்டால் ஒரு நகத்தளவு சீவிவிட்டேன், அதோடு தீர்ந்தது. இந்தச் செம்மண் புழுதிக்கு டைப்-சி துவாரத்துக்குள் ஒரு சின்னப் புற்றே கட்டியிருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பற்குச்சியால் மெல்லக் கிண்டுங்கள், ஊசி வேண்டாம்.

செயலி எந்த மைக்கை எடுக்கிறது என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், போனோடு வருகிற கமராச் செயலி பல போன்களில் இதை உங்களுக்குக் காட்டுவதே இல்லை. ஓப்பன் கமரா என்ற இலவச அண்ட்ரொய்ட் செயலியில் வீடியோ அமைப்புகளுக்குள் ஒலி மூலம் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே வெளி மைக்கைத் தெரிவு செய்யலாம். பிளக்மாஜிக் கமராவும் இலவசம், ஒலி முள் திரையில் ஆடுவது தெரியும், ஆனால் எல்லாப் போனிலும் ஓடாது. எதை எடுத்தாலும் 48 கிலோஹேர்ட்ஸில் வையுங்கள். தொடங்க முதல் நகச் சோதனை: பதிவைப் போட்டுவிட்டு மைக்கை நகத்தால் இரண்டு தட்டு, போனை இரண்டு தட்டு, நிறுத்திக் கேளுங்கள். மைக்கின் தட்டு பலமாகவும் போனின் தட்டு மெல்லியதாகவும் கேட்டால் சரி. மறுவளமாகக் கேட்டால் ஐயாவைக் கொஞ்சம் தேத்தண்ணி குடிக்கச் சொல்லிவிட்டு வயரைப் பாருங்கள். பற்றறி சேமிப்பு மோட்டை அணையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நடுப்பகலில் எடுத்தால் போன் சூடாகித் தானே நிறுத்தும், அதற்கு மர நிழல்தான் மருந்து.

முன்னால் சொல்லாமல் விட்டது, வசனத்தின் வால் விழுங்கப்படுவது. இந்தச் செற்றுகளில் இரைச்சல் நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கும், மைக்கில் அழுத்தினால் சின்ன லைற் நிறம் மாறும், சட்டையில் குத்தும்போது விரல் பட்டே மாறிவிடும். சத்தமாகப் பேசுகிற ஒருவருக்குத் தெருவில் இது உதவும். ஆனால் எங்கள் அம்மம்மாமார் பேசுகிற விதம் தெரியும்தானே, வசனத்தைப் பலமாகத் தொடங்கி, கடைசியில் மூச்சோடு மூச்சாக முடிப்பார்கள், துக்கமான இடத்துக்கு வந்தால் இன்னும் தணியும். மைக்குக்குள் இருக்கிற அந்தச் சின்ன மூளை தணிந்த குரலைக் காற்று இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும். முள்ளியவளையில் ஒரு அம்மா தாலாட்டுப் பாடித் தந்தார், ஒவ்வொரு அடியின் கடைசி இழுப்பும் கத்தரித்தது போல் இருந்தது, நான் மூன்று நாள் அலைவரிசையைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொத்தானை அணைத்து, மைக்கின் மேல் பஞ்சுத் தொப்பி போட்டு, இரைச்சலோடு சேர்த்தே எடுங்கள். இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், போன குரலைத் திருப்பி எடுக்க வழியில்லை. இரண்டாவது தடவை பாடச் சொன்னால் பாடுவார்கள், ஆனால் அது இரண்டாவது தடவைப் பாட்டு.

இவ்வளவும் செய்தும் பற்றவில்லை, கையில் காசும் இருக்கிறது என்றால், 200 மீற்றர், 250 மீற்றர் என்று பெட்டியில் அடித்திருக்கிற இலக்கத்தைப் பார்க்காதீர்கள், மைக்குக்குள்ளேயே பதிவாகுமா என்று கேளுங்கள். ரோட் வயர்லெஸ் கோ 2 இலும் டிஜேஐ மைக்கிலும் அது இருக்கிறது, டிஜேஐயின் முதல் மொடலில் 8 ஜிபி, சுருக்காத ஒலியாக 14 மணித்தியாலம் கொள்ளும். காற்றில் அறுந்தாலும் ஐயாவின் நெஞ்சில் முழுக்கதையும் இருக்கும், வீட்டில் வந்து வயரில் இறக்கலாம். ஆனால் அது தானாகப் பதிவாகாத மொடலும் உண்டு, முதல் நாளே போட்டு, ஒரு பதிவை இறக்கிப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். பழைய போனும் வயர் மைக்கும் செய்கிற அதே வேலைதான் இது, கொஞ்சம் அழகாக.

தம்பி, உங்கள் போன் எது, மைக்கில் இரைச்சல் நீக்கி போட்டிருக்கிறதா, வெட்டுகிற நேரத்தில் அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள். வெட்டு விழுந்த இடத்தில் முன்னும் பின்னும் சேர்த்து 10 செக்கன் துண்டு ஒன்றை அனுப்பினால் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன், வட்சப்பில் குரல் செய்தியாக வேண்டாம், அது ஒலியை இன்னொருமுறை நசுக்கிவிடும், கோப்பாகவே அனுப்புங்கள்.